தரையில் விமானம்: ஓடுபாதை முதல் முட்டுக்கட்டை வரை

விமானம் பறப்பதற்காகச் செய்யப்பட்டது. தரையில் நகர்வது அதற்கு இரண்டாம் வேலைதான். உடலமைப்பைப் பார்த்தாலே இது தெரியும். போயிங் 737-800 விமானத்தின் அகலம் இறக்கை நுனிக்கு நுனி 35.8 மீட்டர், ஏர்பஸ் ஏ380-க்குக் கிட்டத்தட்ட 80 மீட்டர். இவ்வளவு அகலமானதை, நடுவயிற்றின் கீழே நெருக்கமாக அமைந்த சக்கரங்களின் மேல் உருட்டிக்கொண்டு போக வேண்டும். விமானி உட்காருவது மூக்கு நுனியில். பின்சாய்ந்து நீளும் இறக்கைகளின் நுனி பெரிய விமானங்களில் அவர் கண்ணுக்கே படாது. மூக்குச் சக்கரமும் அவர் இருக்கைக்குப் பின்னால்தான் இருக்கிறது. ஆகவே வளைவில் மஞ்சள் கோட்டின் மேலேயே தன் இருக்கையை வைத்துத் திருப்பினால் பின்சக்கரம் உள்பக்கப் புல்லில் இறங்கிவிடும். கோட்டைத் தாண்டி முன்னே போய்விட்டுத்தான் திருப்ப வேண்டும். நீண்ட டிரெய்லர் லாரி ஓட்டுபவருக்கு இந்தக் கணக்கு பழக்கமானது. ஆனால் லாரிக்கு இறக்கை கிடையாது.

பயணிகள் விமானங்களில் சக்கரங்களைச் சுழற்ற மோட்டார் இல்லை. ஜெட் என்ஜின் பின்னால் தள்ளும் காற்றின் எதிர்விசைதான் தரையிலும் விமானத்தை நகர்த்துகிறது. என்ஜின் மிகக் குறைந்த விசையில் ஓடினாலே பல விமானங்கள் தாமாக வேகம் பிடித்துவிடும். விமானியின் வேலை பெரும்பாலும் அதை அடக்கிப் பிடிப்பதுதான். நேர்ப்பாதையில் மணிக்குச் சுமார் 55 கிலோமீட்டர், கூரிய வளைவில் 18 கிலோமீட்டர் என்பது பொதுவாகக் கடைப்பிடிக்கப்படும் வரம்பு. நின்ற விமானத்தை அசைக்கக் கூடுதல் விசை கொடுக்கும் கணம் பின்னால் இருப்பவர்களுக்கு ஆபத்தானது. அந்தக் காற்று காலிச் சரக்குப் பெட்டியை உருட்டும், ஏணியைச் சாய்க்கும், ஆளையும் தூக்கி எறியும்.

விமான நிலையத் தரை மூன்று பகுதிகளாகப் பிரிகிறது. ஏறி இறங்குவதற்கு ஓடுபாதை. ஓடுபாதைக்குப் போய்வர டாக்ஸிவே. நின்று பயணிகளையும் சரக்கையும் ஏற்றி இறக்க ஏப்ரன். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு இவற்றுக்கு ஒரு நிற மொழியை வகுத்துள்ளது. ஓடுபாதைக் குறிகள் வெள்ளை, டாக்ஸிவே குறிகள் மஞ்சள். இரவில் டாக்ஸிவேயின் நடுக்கோட்டில் பச்சை விளக்கு, ஓரத்தில் நீல விளக்கு. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து திசை காட்டும். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து நிற்கும் இடத்தைச் சொல்லும். சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்து வந்துவிட்டால் அதற்கு அப்பால் அனுமதியின்றிப் போகக் கூடாது. டாக்ஸிவேக்களுக்கு ஆங்கில எழுத்துகளால் பெயரிடும்போது ஐ, ஓ, எக்ஸ் மூன்றையும் விட்டுவிடுகிறார்கள். முதல் இரண்டும் ஒன்று, பூஜ்யம் என்ற எண்களோடு குழம்பும். மூன்றாவது மூடிய பாதைக்கான குறி.

இவற்றுள் மிக முக்கியமானது ஓடுபாதையின் வாசலில் குறுக்கே இடப்படும் நான்கு மஞ்சள் கோடுகள்: இரண்டு முழுக் கோடு, இரண்டு விட்டுவிட்டு வரும் கோடு. முழுக் கோடு இருக்கும் பக்கத்திலிருந்து வருபவர் நிற்க வேண்டும். விட்டுவிட்டு வரும் கோட்டின் பக்கம், அதாவது ஓடுபாதையிலிருந்து வெளியேறுபவர், கடந்து செல்லலாம். தரைப் பாதுகாப்பின் வரலாற்றில் பெரும்பகுதி இந்த வாசலைத் தெரியாமல் கடந்தவர்களின் வரலாறுதான். அவர்கள் விதியை மதிக்காதவர்கள் அல்லர். தாங்கள் நிற்கும் இடம் எதுவென்று தவறாக நம்பியவர்கள்.

1977 மார்ச் 27 அன்று கேனரித் தீவுகளில் டெனெரீஃபின் லோஸ் ரோடியோஸ் நிலையத்தில் நடந்தது இன்றுவரை விமானப் போக்குவரத்தின் மிகப் பெரிய விபத்து. பக்கத்துத் தீவான கிரான் கனாரியாவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் அங்கே இறங்க வேண்டிய விமானங்கள் இந்தச் சிறிய நிலையத்துக்குத் திருப்பி விடப்பட்டன. ஏப்ரன் நிரம்பி டாக்ஸிவேயிலும் விமானங்கள் நின்றன. அதனால் புறப்படும் விமானங்கள் ஓடுபாதையிலேயே எதிர்த்திசையில் போய், மறுமுனையில் திரும்ப வேண்டியதாயிற்று. கேஎல்எம் நிறுவனத்தின் போயிங் 747 முனைக்குப் போய்த் திரும்பி நின்றது. பான் அமெரிக்கனின் 747 அதன் பின்னால் அதே ஓடுபாதையில் வந்துகொண்டிருந்தது. மூன்றாவது கிளைப்பாதையில் விலகச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கிளை மிகக் கூரிய திருப்பமாக இருந்தது. விமானிகள் அதைத் தாண்டி அடுத்ததை நோக்கிச் சென்றார்கள். இதற்குள் மேகம் ஓடுபாதையின் மேல் படிந்துவிட்டது. கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு இரண்டு விமானங்களும் தெரியவில்லை, விமானங்களுக்கும் ஒன்றையொன்று தெரியவில்லை. நிலையத்தில் தரை ரேடார் கிடையாது.

கேஎல்எம் விமானிகளுக்குக் கிடைத்தது, பறந்த பின் எந்த வழியில் போவது என்பதற்கான அனுமதி மட்டுமே. அந்த வாசகத்திலும் ஏறுவதைக் குறிக்கும் சொல் வந்திருந்தது. அவர்கள் ஓடத் தொடங்கினார்கள். கோபுரம் காத்திருக்கச் சொன்னதும், தாங்கள் இன்னும் ஓடுபாதையில் இருப்பதாகப் பான் அமெரிக்கன் விமானிகள் சொன்னதும் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் மோதி, கேஎல்எம் விமானத்தில் வெறும் கீச்சொலியாகக் கேட்டது. 583 பேர் இறந்தார்கள். பிழைத்த 61 பேரும் பான் அமெரிக்கன் விமானத்தில் இருந்தவர்கள்.

இந்த விபத்துக்குப் பின் மாறியவற்றுள் முதன்மையானது பேச்சுமுறை. ஏறுவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைக் கோபுரம் இனி இரண்டே இடங்களில் சொல்லும்: ஏற அனுமதி தரும்போது, அல்லது தந்த அனுமதியை ரத்து செய்யும்போது. மற்ற எல்லா இடத்திலும் புறப்பாடு என்று பொருள்படும் வேறு சொல். ஓடுபாதை தொடர்பான ஒவ்வொரு கட்டளையையும் விமானி வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். வெறுமனே சரி என்பது பதிலாகாது. 1981-இல் அமெரிக்கா கொண்டுவந்த விதி, டாக்ஸி செய்யும், அதாவது தரையில் நகரும் நேரம் உட்படப் புறப்பாட்டிலும் இறக்கத்திலும் விமானிகள் அறைக்குள் வேலைக்குத் தொடர்பற்ற பேச்சைத் தடை செய்கிறது. ஓடுபாதையில் ஏறி நின்று காத்திருக்கச் சொல்லும் சொற்றொடர் அமெரிக்காவில் மற்ற நாடுகளிலிருந்து மாறுபட்டே வெகுகாலம் இருந்தது. 2010-இல்தான் அது உலக வழக்கோடு ஒன்றானது.

சொல் திருந்தினாலும், தான் எங்கே நிற்கிறோம் என்று விமானிக்கே தெரியாதபோது பயனில்லை. 2001 அக்டோபர் 8 அன்று காலை மிலானின் லினாட்டே நிலையத்தில் மூடுபனி. சிறிய செஸ்னா ஜெட் ஒன்றுக்கு ஆர்5 என்ற டாக்ஸிவே வழியே வரச் சொன்னார்கள். அது வடக்கே போய் ஓடுபாதை முனையைச் சுற்றி வரும் வழி. விமானி புகுந்ததோ ஆர்6. அது ஓடுபாதையைக் குறுக்கே வெட்டும் வழி. நடுவில் தரையில் எழுதியிருந்த ஒரு குறியைப் படித்து, தான் அங்கே வந்துவிட்டதாக அவர் சொல்லவும் செய்தார். அப்படி ஒரு குறி இருப்பது கட்டுப்பாட்டாளருக்குத் தெரியாது. அவரிடமிருந்த வரைபடத்தில் அது இல்லை. பழைய தரை ரேடார் பயன்பாட்டிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது, புதியது இன்னும் இயங்கத் தொடங்கவில்லை. செஸ்னா ஓடுபாதைக்குள் நுழைந்தபோது ஸ்காண்டிநேவியன் ஏர்லைன்ஸின் எம்டி-87 ஏறிக்கொண்டிருந்தது. மோதிய பின் அது பயணப்பெட்டிகளைக் கையாளும் கூடத்துக்குள் பாய்ந்தது. இரு விமானங்களிலும் இருந்த 114 பேரும் தரையில் இருந்த 4 பேரும் இறந்தார்கள். ஒரு தவறான திருப்பத்தைத் தடுக்கப் பலகை, தரைக்குறி, விளக்கு, ரேடார், வரைபடம் என ஐந்து வேலிகள் இருக்க வேண்டிய இடம் அது. அன்று காலை ஐந்திலும் ஓட்டை இருந்தது.

தவறான ஓடுபாதையில் ஏற முயல்வது இதே பிழையின் இன்னொரு முகம். 2000 அக்டோபர் 31 இரவு தைபேயில் புயல்மழை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் 747, இணையாக இருந்த இரண்டு ஓடுபாதைகளில் கட்டுமானத்துக்காக மூடப்பட்டிருந்ததில் ஏறி ஓடத் தொடங்கியது. இயந்திரங்கள் மேல் மோதி 179 பேரில் 83 பேர் இறந்தார்கள். டாக்ஸிவேயின் பச்சை விளக்குகள் மூடிய பாதைக்குள் தெளிவாக அழைத்துச் சென்றன. சரியான பாதைக்குத் தொடர வேண்டிய விளக்குகள் அவ்வளவு தெளிவாக இல்லை. 2006 ஆகஸ்ட் 27 விடியலுக்கு முன், அமெரிக்காவின் லெக்ஸிங்டனில் 50 பேருடன் புறப்பட்ட சிறிய ஜெட், 2,100 மீட்டர் நீள ஓடுபாதை என்று நினைத்து, ஆயிரம் மீட்டரை ஒட்டிய குட்டி ஓடுபாதையில் ஓடியது. பிழைத்தவர் துணை விமானி மட்டும். அந்தக் குட்டிப் பாதையில் விளக்கு எரியவில்லை என்பதை விமானிகளே பேசிக்கொண்டார்கள். அப்படியும் சந்தேகம் எழவில்லை. ஓடுபாதையின் எண் அது நோக்கும் காந்தத் திசையின் பத்தில் ஒரு பங்கு. விமானத்தின் திசைகாட்டியும் அந்த எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் சில விநாடிச் சோதனை இன்று பல நிறுவனங்களில் கட்டாயம்.

கட்டுப்பாட்டாளரும் மறப்பார். 1991 பிப்ரவரி 1 மாலை இருட்டியபின் லாஸ் ஏஞ்சல்ஸில், ஓடுபாதையின் நடுவில் காத்திருக்க வைத்த சிறிய விமானத்தை மறந்து, அதே ஓடுபாதையில் போயிங் 737 ஒன்றுக்கு இறங்க அனுமதி தரப்பட்டது. 35 பேர் இறந்தார்கள். நின்றிருந்த விமானத்தின் பின்விளக்குகள் ஓடுபாதை விளக்குகளோடு கலந்துபோனதால் இறங்கிவந்தவர்களுக்கு அது கண்ணில் படவில்லை.

முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து டோக்கியோவின் ஹனேடாவில் இதை ஒத்த காட்சி. 2024 ஜனவரி 2 மாலை, முந்தைய நாள் நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்ட நோட்டோ தீபகற்பத்துக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோகவிருந்த கடலோரக் காவல்படை விமானத்துக்கு, புறப்பாட்டு வரிசையில் முதலிடம் என்று கோபுரம் சொன்னது. வாசல்வரை வந்து நிற்கவும் சொன்னது. அவர்கள் ஓடுபாதைக்குள் போய்ச் சுமார் 40 விநாடி நின்றார்கள். இறங்கிவந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350 மோதியது. சிறிய விமானத்தில் இருந்த 6 பேரில் 5 பேர் இறந்தனர். எரியும் பெரிய விமானத்திலிருந்து 379 பேரும் உயிரோடு இறங்கினார்கள். கோபுரத்தின் திரையில் ஓடுபாதையின் நிறம் மாறி எச்சரிக்கை வந்திருந்தது, யாரும் கவனிக்கவில்லை. அந்த வாசலின் சிவப்புத் தடுப்பு விளக்குகள் அன்று பயன்பாட்டில் இல்லை. விபத்துக்குப் பின் வரிசை எண் சொல்வதை ஜப்பான் உடனடியாக நிறுத்திவைத்தது. முதலிடம் என்று கேட்ட காது, அனுமதி என்று கேட்டுவிடும்.

இவற்றிலிருந்து பிறந்த கருவிகள் பல. விமானங்களும் வாகனங்களும் அனுப்பும் சமிக்ஞைகளையும் தரை ரேடாரையும் இணைத்து, நிலையத்தின் முழு நடமாட்டத்தையும் பெயரோடு திரையில் காட்டும் அமைப்பு பெரிய நிலையங்களில் வந்துவிட்டது. அமெரிக்காவில் 35 நிலையங்களில் நிறுவப்பட்டது. ஓடுபாதை வாசலில் குறுக்கே எரியும் சிவப்பு விளக்கு வரிசையைக் கோபுரம் அணைத்தால்தான் கடக்கலாம். வாய்மொழி அனுமதி கிடைத்த பின்னும் சிவப்பு எரிந்தால் நின்று கேட்க வேண்டும் என்பது விதி. ஓடுபாதையில் யாராவது இருந்தால் கோபுரத்தைக் கேட்காமலே தானாகச் சிவப்பு எரியும் விளக்குகளும் சில நிலையங்களில் உள்ளன. கட்டுப்பாட்டாளரும் விமானியும் ஒரே தவறை ஒரே நேரத்தில் செய்தாலும் எச்சரிக்கக்கூடியது இந்த வகை. எண்ணிக்கையில் இது குறைவு என்பது வருந்தத்தக்கது. சாங்கி, ஹீத்ரோ போன்ற இடங்களில் குறிப்பிட்ட விமானத்துக்கு முன் மட்டும் பச்சை விளக்குகள் எரிந்து வழிகாட்டும். பச்சையைப் பின்தொடர் என்பதே கட்டளை. விமானி அறைத் திரையில் நிலையத்தின் வரைபடமும் அதில் தன் இடமும் தெரிவது இப்போது பரவலாகி வருகிறது. குழப்பம் அதிகம் நேரும் சந்திப்புகளை வரைபடத்தில் தனியே வட்டமிட்டுக் காட்டும் வழக்கமும் உண்டு.

சந்திப்புகள் குறைவாக இருந்தால் குழப்பமும் குறையும். பழைய நிலையங்கள் எல்லாவற்றுக்கும் அந்த வசதி இல்லை. சென்னையில் இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேல் பாலமாகச் செல்கிறது. நிலம் தந்த வடிவம் இது. அதைக் கட்டுப்பாட்டு முறைகளால்தான் ஈடுகட்ட வேண்டும்.

ஓடுபாதைக்கு வருவது விமானம் மட்டுமல்ல. 2022 நவம்பர் 18 அன்று லிமாவில், பயிற்சிக்காகப் புறப்பட்ட தீயணைப்பு வண்டி ஓடுபாதையில் நுழைய, ஏறிக்கொண்டிருந்த ஏ320 அதன் மேல் மோதியது. வண்டியில் இருந்த வீரர்கள் உயிரிழந்தார்கள். வாகன ஓட்டுநர்களுக்கும் விமானிகளுக்கு இணையான வானொலி ஒழுங்கு வேண்டும் என்ற வாதத்துக்கு இதைவிடச் சான்று தேவையில்லை. இடம் தெரியாமல் போவதற்குப் பனிதான் வேண்டும் என்பதும் இல்லை. 2017 செப்டம்பர் 5 பின்னிரவில் கொச்சியில் கொட்டும் மழைக்கிடையே, அபுதாபியிலிருந்து வந்து இறங்கிய 737 ஏப்ரனுக்குப் போகும் வழியில், திரும்ப வேண்டிய இடத்துக்கு முன்பே திரும்பி மழைநீர் வடிகாலில் மூக்குச் சக்கரத்தை இறக்கிவிட்டது. ஈரத்தரையில் விளக்குகளின் பிரதிபலிப்பு வண்ணக் கோடுகளை விழுங்கிவிடும்.

ஓடுபாதையை விட்டு விலகியதும் உயிராபத்து குறைகிறது, உரசல் கூடுகிறது. விமானங்கள் இறக்கை அகலத்தை வைத்து ஏ முதல் எஃப் வரை வகைப்படுத்தப்படுகின்றன. 24 முதல் 36 மீட்டருக்குள் சி வகை, 52 முதல் 65 வரை இ, 65 முதல் 80 வரை எஃப். டாக்ஸிவேக்களுக்கிடையே எவ்வளவு தூரம், நிறுத்துமிடத்தில் எவ்வளவு இடைவெளி என்பதெல்லாம் இந்த எழுத்தைப் பொறுத்தவை. நிறுத்துமிடத்தில் சி வகைக்கு 4.5 மீட்டரும், அதைவிடப் பெரியவற்றுக்கு 7.5 மீட்டரும் விலகல் வேண்டும். 36 என்ற வரம்புக்குள் 35.8-இல் 737-உம் ஏ320-உம் நிற்பது தற்செயல் அல்ல. போயிங் 777எக்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், 71.75 மீட்டர் இறக்கையின் நுனிகளைத் தரையில் மடக்கி 65 மீட்டருக்குள் அடங்குகிறது.

இந்த எழுத்துக் கணக்கு, எல்லாரும் நடுக்கோட்டில் இருந்தால் மட்டுமே பலிக்கும். முன்னால் நிற்கும் விமானம் தன் இடத்துக்குள் முழுவதும் நுழையாமல் வால் நீட்டிக்கொண்டு நின்றால், பின்னால் நடுக்கோட்டில் சரியாகப் போகும் விமானமும் அதை இடிக்கும். 2011 ஏப்ரல் 11 இரவு நியூயார்க்கின் கென்னடி நிலையத்தில் ஏ380 ஒன்றின் இடது இறக்கை நுனி, நின்றிருந்த சிறிய ஜெட்டின் வாலில் பட்டது. சிறிய விமானம் பம்பரமாகத் திரும்பிப்போனது, யாருக்கும் காயமில்லை. 2024 செப்டம்பர் 10 அன்று அட்லாண்டாவில் ஏ350-இன் இறக்கை இன்னொரு சிறு ஜெட்டின் வாலை முறித்தே போட்டது. அதே ஆண்டு மார்ச் 27 அன்று கொல்கத்தாவில், சென்னைக்குப் புறப்பட ஓடுபாதை அனுமதிக்காகக் காத்திருந்த விமானத்தின் இறக்கையை, பக்கத்தில் நகர்ந்த இன்னொரு விமானத்தின் இறக்கை உரசியது. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், பெரிய விமானங்களில் இறக்கை நுனியைக் காட்டும் கேமரா போன்ற கருவி வேண்டும் என்று 2012-இலேயே பரிந்துரைத்தது. சாதாரணக் காரில் பின்பக்கக் கேமரா வந்துவிட்ட காலத்திலும், விமானிகள் பெரும்பாலும் கண்ணளவையை நம்பியே இருக்கிறார்கள். ஐயம் வந்தால் நின்றுவிட்டு, இறக்கை ஓரம் நடந்து பார்க்க ஆள் அனுப்பச் சொல்வதே அவர்களுக்கு உள்ள கடைசி வழி.

நிறுத்துமிடத்துக்குள் நுழையும் கடைசி ஐம்பது மீட்டரில் விமானி முழுக்கப் பிறர் கண்ணால் ஓட்டுகிறார். கையில் ஒளிக்கோல்களோடு நிற்கும் வழிகாட்டி, அல்லது முனையச் சுவரில் இருக்கும் மின்பலகை, இடமா வலமா, இன்னும் எத்தனை மீட்டர் என்று சொல்லும். ஒளிக்கோல்களைத் தலைக்கு மேல் குறுக்காக வைத்தால் நிற்க வேண்டும். விமானம் வருவதற்கு முன் அந்த இடத்தில் வண்டிகளும் சிதறிய பொருள்களும் இல்லையா என்று நடந்து பார்ப்பது முறை. சிதறிய பொருளின் விலை என்னவென்று 2000 ஜூலை 25 பாரிஸில் தெரிந்தது. முன்னே சென்ற விமானத்திலிருந்து ஓடுபாதையில் விழுந்த டைட்டானியப் பட்டை ஒன்று கான்கார்டின் டயரைக் கிழித்தது; அதிலிருந்து தொடங்கிய தீயால் விமானம் விழுந்து 113 பேர் மாண்டார்கள்.

விமானம் நின்ற பிறகும் என்ஜின் ஓய்ந்துவிடவில்லை. 737 போன்ற விமானத்தில் குறைந்த விசையிலும் என்ஜின் வாயைச் சுற்றிச் சுமார் 3 மீட்டர் உள்ளே இழுக்கும் எல்லை. விசை கூடக்கூட அது விரியும். உடலின் மேலும் கீழும் உள்ள சிவப்புச் சுடர்விளக்கு அணையும்வரை யாரும் நெருங்கக் கூடாது என்பது ஏப்ரனின் முதல் பாடம். 2022 டிசம்பர் 31 அன்று அமெரிக்காவின் மாண்ட்கோமரியில், விமானத்தின் துணை மின் என்ஜின் பழுதாகியிருந்ததால், தரை மின்சாரம் இணைக்கும்வரை ஒரு முதன்மை என்ஜினை ஓடவிட்டிருந்தார்கள். அதை வேலையாட்களிடம் முன்கூட்டியே சொல்லவும் செய்தார்கள். ஆனாலும் ஒரு பணியாளர் நெருங்கினார், உள்ளே இழுக்கப்பட்டார். மும்பையில் 2015 டிசம்பர் 16 அன்று தொழில்நுட்பப் பணியாளர் ஒருவர் இறந்தது விமானம் புறப்படும் நேரத்தில்: அவர் மூக்குச் சக்கரத்தருகே இருந்து விலகுவதற்குள் விமானம் நகரத் தொடங்கியது. வானத்தில் அரிதான வகை மரணம் ஏப்ரனில் தொழில் ஆபத்தாக இருக்கிறது. ஆனால் பயணிகள் யாரும் சாகாததால் செய்தியில் மூலையோடு போய்விடுகிறது.

நின்ற விமானத்தைச் சுற்றிச் சில நிமிடங்களுக்குள் எரிபொருள் வண்டி, உணவு வண்டி, பெட்டி ஏற்றும் பட்டை, கழிவுநீர் வண்டி, ஏணி, பயணிப் பாலம் எல்லாம் ஒட்டிக்கொள்கின்றன. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் கணிப்பில், தரைச் சேதங்களில் 40 சதவீதம் அளவுக்குப் பெட்டிப் பட்டை, சரக்குத் தூக்கி, ஏணி, பாலம் ஆகியவற்றால் வருவது. எதுவும் மாறாவிட்டால் 2035-இல் தரைச் சேதத்தின் செலவு ஆண்டுக்கு ஏறக்குறைய 1,000 கோடி டாலரைத் தொடும் என்றும் அச்சங்கம் மதிப்பிட்டது. பணத்தைவிடக் கவலை தருவது மறைக்கப்படும் உரசல். அலுமினியத் தோலில் இடிபட்டால் பள்ளம் தெரியும். போயிங் 787, ஏ350 போன்றவற்றின் கார்பன் இழைக் கலப்புத் தோல் வெளியே சிறு கீறல்கூட இல்லாமல் உள்ளே பிளந்திருக்கலாம். இடித்தவரே வாய்திறந்து சொன்னால்தான் தெரியும். சொன்னவருக்குத் தண்டனை என்ற வழக்கம் உள்ள இடத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால் தண்டனையின்றிப் புகார் தரும் முறையை வல்லுநர்கள் வலியுறுத்துகிறார்கள்.

நிறுத்திய விமானமும் எரியும். 2007 ஆகஸ்ட் 20 அன்று ஓகினாவாவின் நாஹாவில், வந்து நின்ற 737-இன் இறக்கைக்குள் கழன்றுகிடந்த போல்ட் ஒன்று எரிபொருள் தொட்டியைத் துளைத்திருந்தது. கசிந்த எரிபொருள் பற்றிக்கொள்ள, 165 பேரும் இறங்கித் தப்பியபின் விமானம் சாம்பலானது. 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் கிம்ஹேயில் புறப்படக் காத்திருந்த ஏ321-இல், தலைக்கு மேல் உள்ள பெட்டிப் பகுதியில் தொடங்கிய தீ கூரையைத் தின்றது. 176 பேரும் வெளியேறினார்கள். லித்தியம் பேட்டரிகளைக் கண்ணில் படும்படி கையிலேயே வைத்திருக்கச் சொல்லும் விதிகள் அதன்பின் வேகமாகப் பரவின.

விமானம் பல நாள் சும்மா நின்றால் வேறு வகை எதிரிகள் வருகிறார்கள். காற்றின் அழுத்தத்தை அளந்து வேகத்தைச் சொல்லும் பிட்டோ குழாயின் துளை மிகச் சிறியது. குளவிக்கு அது கூடு கட்ட ஏற்ற பொந்து. 1996 பிப்ரவரி 6 அன்று டொமினிக்கன் குடியரசின் புவெர்ட்டோ பிளாட்டாவில், மூன்று வாரம் அளவுக்குப் பறக்காமல், கடைசி நாட்களில் குழாய்க்கு உறையும் இன்றி நின்ற 757 ஒன்று ஏறியதும் தவறான வேகம் காட்டிக் கடலில் விழுந்தது. 189 பேர் இறந்தார்கள். குளவிக்கூடே காரணமாக இருக்கும் என்று முடிவுசெய்யப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் லிமாவிலிருந்து கிளம்பிய இன்னொரு 757-இல், கழுவும்போது அழுத்தத் துளைகளின் மேல் ஒட்டிய டேப்பை எடுக்க மறந்திருந்தார்கள். 70 பேர் மாண்டார்கள். குளவித் தொல்லைக்குப் பேர்போன ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் சிறிது நேரம் நின்றாலும் உறை போடுவது வழக்கமானது. 2018 ஜூலை 18 இரவு அந்த உறைகளைக் கழற்றாமலே ஏ330 ஒன்று ஏறியது. வேகமானி வேலை செய்யாமல் சுற்றிவந்து பத்திரமாக இறங்கியது. உறை போடாததும் ஆபத்து, போட்ட உறையை எடுக்காததும் ஆபத்து. ஒரே வேலையின் இரண்டு பாதிகளை இரண்டு பேர் செய்யும்போது நடுவில் விழும் பள்ளம் இது.

காற்றும் வெள்ளமும் நின்ற விமானத்துக்கு இன்னொரு சோதனை. காலியான விமானம் எடை குறைந்தது, இறக்கையோ காற்றைப் பிடிக்கவே செய்யப்பட்டது. புயல் எச்சரிக்கை வந்தால் முடிந்தவரை வேறு ஊருக்குப் பறக்கவிடுவார்கள். முடியாததை மூக்கு காற்றை நோக்கி இருக்குமாறு திருப்பி, எரிபொருள் நிரப்பி எடை கூட்டி, கூடுதல் முட்டுக்கட்டை வைப்பார்கள். சிறிய விமானங்களைத் தரைக் கொக்கிகளோடு கயிற்றால் கட்டுவார்கள். 2015 டிசம்பர் பெருவெள்ளத்தில் சென்னை நிலையத்தில் தண்ணீர் புகுந்து, விமானங்கள் நின்ற இடத்திலேயே சிக்கி, நிலையம் சில நாள் மூடிக் கிடந்தது. 2016-இல் வர்தா, 2023-இல் மிக்ஜாம் புயல்களின்போதும் போக்குவரத்து நிறுத்தப்பட்டது.

முட்டுக்கட்டை என்ற சொல் தேர் இழுக்கும் ஊர்களில் எல்லோருக்கும் தெரிந்தது. தேரைத் திருப்பவும் நிறுத்தவும் சக்கரத்தின் கீழ் ஓடி ஓடிக் கட்டை செருகுபவரின் வேலைதான் ஏப்ரனிலும் நடக்கிறது, ஓட்டம் மட்டும் இல்லை. நிறுத்தும் பிரேக்கின் அழுத்தம் நேரம் செல்லச் செல்லக் குறையும். ஆகவே நின்ற விமானத்தை உண்மையில் பிடித்திருப்பது ரப்பராலோ மரத்தாலோ ஆன அந்தக் கட்டைதான். 2007 நவம்பர் 15 அன்று துலூஸில், ஒப்படைப்பதற்கு முந்தைய சோதனையில் ஏ340-600 ஒன்றின் நான்கு என்ஜின்களையும் முட்டுக்கட்டை இல்லாமல் உயர்விசையில் ஓட்டினார்கள். அது நகர்ந்து சில விநாடிகளில் எதிரே இருந்த கான்கிரீட் தடுப்புச்சுவர் மேல் ஏறி, மூக்கு முறிந்து தொங்கியது. உள்ளே 9 பேர் இருந்தார்கள், சிலர் காயமடைந்தார்கள். 2021 ஜூன் 18 அன்று ஹீத்ரோவில் நின்ற 787 சரக்கு ஏற்றும்போதே மூக்கில் குப்புற விழுந்தது. சக்கரக் காலை மடங்காமல் பிடிக்கும் ஊசியைப் பக்கத்தில் இருந்த தவறான துளையில் செருகியிருந்தார்கள். துளை உயரத்தில் இருந்தது. தலைமைப் பணியாளருக்குக் கை எட்டவில்லை, கீழிருந்து சுட்டிக்காட்டினார். ஏணியில் ஏறியவர் வேறு துளையைப் புரிந்துகொண்டார். அந்தத் துளையை அடைத்துவிடும்படி ஆணை முன்பே வந்திருந்தது. இந்த விமானத்தில் அது இன்னும் நிறைவேறவில்லை.

கிளம்பும் நேரம் வந்ததும் விமானம் தானாகப் பின்னால் போகாது. இழுவை வண்டி தள்ள வேண்டும். அப்போது மூக்குச் சக்கரத்தைத் திருப்புவது வண்டி. விமானி தன் திருப்புபிடியைத் தொட்டால் விசைகள் மோதி இழுகம்பி சுழன்று ஆளை அடிக்கும். அதனால் விமானத்தின் திருப்பும் அமைப்பைத் துண்டித்துவைக்கும் ஊசி ஒன்று மூக்குச் சக்கரக் காலில் செருகப்படுகிறது. அதில் நீண்ட சிவப்புப் பட்டி தொங்கும். எரிபொருள் மிச்சத்துக்காக இழுவை வண்டியிலேயே ஓடுபாதை அருகே வரை கொண்டுபோகும் டாக்ஸிபாட் என்ற கருவி 2019 அக்டோபரில் டெல்லியில் ஏ320 ஒன்றைப் பயணிகளோடு இழுத்தது. அதில் மட்டும் வண்டியை விமானியே தன் அறையிலிருந்து ஓட்டுகிறார். மற்ற இடங்களில் பழைய வரிசைதான். தள்ளி முடிந்ததும் நிறுத்தும் பிரேக் போட்டாயிற்றா என்று கேட்டு உறுதி செய்த பிறகே இழுகம்பியைக் கழற்றுவார்கள். வண்டி விலகும். விமானியோடு பேசும் கம்பியின் மறுமுனையில் ஹெட்செட் போட்டவர் அதைக் கழற்றிக்கொண்டு, என்ஜினுக்குப் பக்கம் போகாமல் சுற்றி நடந்து, விமானி பார்க்கும் இடத்தில் நின்று, கையில் எடுத்த ஊசியை அதன் சிவப்புப் பட்டியோடு உயர்த்திக் காட்டுவார். விமானி கை அசைப்பார். அதற்குப் பிறகுதான் மூக்குச் சக்கரத்தின் மேலுள்ள டாக்ஸி விளக்கு எரியும்.